சக்கரக் கணக்கு – 9: தாழ்ந்த கார், நழுவும் பிடி

காரைத் தாழ்த்துவது சுலபம். குட்டை ஸ்பிரிங் நான்கை வாங்கி மாட்டினால் ஒரே பகலில் வேலை முடிந்துவிடும். பார்க்கவும் அழகு. ஆனால் பச்சை விழுந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். நேற்று வரை சமர்த்தாகக் கிளம்பிய கார், இன்று பின்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு தடதடவென்று குதிக்கும். இந்தக் குதியலுக்கு வீல் ஹாப் என்று பெயர்.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் கார், 2005 முதல் 2014 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங். அதற்கு முன்பே, 1999 கோப்ரா மாடலில், பின்சக்கரங்கள் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷனை ஃபோர்டு கொடுத்திருந்தது. அப்படியிருந்தும் 2005 மஸ்டாங்கில் பழைய ஒற்றை ஆக்சிலுக்கே திரும்பியது. பத்திரிகைகள் கேலி செய்தன. செலவு ஒரு காரணம். நேர்கோட்டில் சீறும் டிராக் பந்தயக்காரர்களுக்கு அந்த முரட்டு ஆக்சில்தான் பிடிக்கும் என்பது இன்னொன்று. என் ஓட்டும் ஃபோர்டுக்கே.

அந்த ஆக்சிலை மூன்று கைகள் பிடித்திருக்கின்றன. கீழே இடமும் வலமும் ஒவ்வொன்று, மேலே டிஃபரன்ஷியல் தலையில் ஒன்று. பக்கவாட்டில் நகராமலிருக்கப் பன்ஹார்ட் ராடு எனும் குறுக்குக் கம்பி. நம் ஊர் இன்னோவா கிரிஸ்டாவுக்கு அடியில் குனிந்து பார்த்தால் இதன் பங்காளியைக் காணலாம். அங்கே கைகள் நான்கு.

தாழ்த்தினால் பிடி ஏன் போகிறது? ‘எடை பின்னால் போவதில்லை’ என்பதுதான் பலரும் சொல்லும் பதில். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் 1,650 கிலோ, முன்பின் சக்கரங்களுக்கு நடுவே 2.72 மீட்டர். எடைமையம் தரையிலிருந்து 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அரை ‘ஜி’ முடுக்கத்தில் சீறினால் முன்னிருந்து பின்னுக்குப் போகும் சுமை சுமார் 152 கிலோ. காரை 4 செ.மீ. இறக்கினால் அது 140 ஆகும். போனது வெறும் 12 கிலோ. ஒரு மூட்டை சிமென்ட்டில் கால்வாசி! இதற்காகவா சக்கரம் இப்படிக் குதிக்கும்?

குற்றவாளி கீழ்க்கைகளின் சாய்வு. பின்சக்கரம் காரை முன்னே தள்ளுவது இந்தக் கைகள் வழியாகத்தான். கையின் முன்முனை பாடியில், பின்முனை ஆக்சிலில். முன்முனை உயரமாக இருந்தால் அந்தத் தள்ளு பாடியை மேலே தூக்கும். அதே விசை ஆக்சிலைக் கீழே, தரையோடு அமுக்கும். முன்முனை தாழ்ந்திருந்தாலோ தலைகீழ்: பாடி கீழே இழுபடும், ஆக்சில் தரையை விட்டு எழப் பார்க்கும். பாடியை 4 செ.மீ. இறக்கும்போது முன்முனையும் கூடவே இறங்குகிறது, ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கை அரை மீட்டர் நீளம் என்றால், ஃபேக்டரி வைத்த கோணத்திலிருந்து நாலரை டிகிரி போயிற்று. கையின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்ள, டயர் பிடித்துப் பிடித்து விடுகிறது. குதியல் தொடங்கிவிட்டது.

மேல்கை, கீழ்க்கை இரண்டின் கோடுகளையும் பக்கவாட்டுப் படத்தில் நீட்டினால் ஓரிடத்தில் சந்திக்கும். அது இன்ஸ்டன்ட் சென்டர். பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். முன்னச்சுக்கு நேர் மேலே அது எடைமையத்தின் உயரத்தைத் தொட்டால், ஆன்ட்டி-ஸ்குவாட் 100 சதவீதம்: சீறும்போது பின்பக்கம் அமுங்காது, எழும்பவும் செய்யாது. மொத்தச் சுமை மாறுவதில்லை. டயருக்கு அது எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பதுதான் மாறுகிறது.

மருந்து ஓர் இரும்புத் தகடு. ரீலொகேஷன் பிராக்கெட் என்பார்கள். ஆக்சிலில் கை மாட்டும் இடத்தைக் கீழே இறக்கி, இழந்த கோணத்தை மீட்கும். வரிசையாகத் துளைகள் இருக்கும். ஆசை அங்கேதான் கெடுக்கும். கடைசித் துளையில் மாட்டினால் ஆன்ட்டி-ஸ்குவாட் எகிறும், ஸ்டார்ட்டிங்கில் கார் பாயும். ஆனால் வளைவில் பாடி சாயும்போது வெளிச்சக்கரம் பின்னுக்கும் உள்சக்கரம் முன்னுக்கும் நகர்ந்து, ஆக்சில் தானாகவே திரும்பும். வால் வெளியே வீசும். அழுத்திப் பிரேக் போட்டால் விசை திசை மாறி, ஆக்சில் எழும்பிக் குதிக்கும். ரோட்டில் ஓடும் காருக்குப் பழைய கோணம் திரும்பினால் போதும். அளப்பதைச் சக்கரங்கள் தரையில் நிற்கும்போது, ஓட்டுநர் இருக்கையில் சுமையோடு செய்யுங்கள். லிஃப்ட்டில் ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது.

மற்றவை சில்லறை வேலை. தாழ்த்தியதும் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். நீளம் மாற்றக்கூடிய பன்ஹார்ட் ராடு சரிசெய்யும். சீறும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும் என்பதால், மேல்கையின் நீளத்தை மாற்றி அதை ஓரிரு டிகிரி கீழ்நோக்கி வைப்பார்கள். பாலியூரிதேன் புஷ் முறுக்கலைக் குறைக்கும். மேல்கையில் மட்டும் வேண்டாம் என்பேன்: அதன் முன்முனை பின்சீட்டுக்கு அடியில் இருப்பதால் கியர் ஓசை முழுவதும் உள்ளே வரும்.

2015 மாடலில் ஃபோர்டு ஒற்றை ஆக்சிலைக் கைவிட்டது. 2016-ல் இந்தியாவுக்கு வந்த மஸ்டாங் அந்தப் புது வகை. இந்த பிராக்கெட் அதற்குப் பொருந்தாது. அந்தக் காரைத் தாழ்த்தினால் வரும் கேம்பர் (சக்கரச் சாய்வு) தொல்லையை அடுத்த வாரம் பார்ப்போம்.