குக்கீ என்றால் பிஸ்கட் மட்டுமா?

சைதாப்பேட்டை ஸ்டேஷன்ல சைக்கிள் விட்டால் டோக்கன் தருவாங்க இல்லையா? இணையதளமும் அப்படித்தான். நாம் லாகின் செய்ததும், நம்மை அடையாளம் தெரிந்துகொள்ள ஒரு சிறு குறிப்பை அந்தக் கம்ப்யூட்டரில் போட்டு வைக்கும். அதுதான் குக்கீ! 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி உருவாக்கியது.

டோக்கன் யார் கையிலோ, வண்டி அவருக்கே! கவுன்சிலிங் விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டர் போறோம். மெயிலை லாக்-அவுட் செய்யாமல் எழுந்து வந்தால்? அடுத்து உட்காருபவர் பாஸ்வேர்டு இல்லாமலே அதைத் திறக்கலாம். நமக்கு வரும் ஓ.டி.பி.யும் அவர் கண்ணில் படும்! பிரவுசரை மூடினாலும் பல குக்கீகள் அழியாது.

எனவே,
1. மறக்காமல் லாக்-அவுட் செய்யுங்கள்.
2. கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் குக்கீயை டிக் செய்து அழித்துவிடுங்கள்.

டோக்கனை விட்டுட்டு வராதீங்க!