கிறிஸ்துமஸ் தானத்திற்குப் பஞ்சுப் போர்வை தைத்தல்

பழஞ்சேலைகள் இரண்டு மூன்றை ஒன்றின்மேலொன்றாக மடித்து, ஓட்டுத்தையலிட்டுக் குழந்தைக்கு விரிப்பாக்கும் வழக்கத்தை நம் கிராமங்களிலுள்ள பாட்டிமார் நன்கறிவர். இவ்வேலையையே பெரிய அளவிலும், பலர் ஒருங்கு கூடியும், முன்பின் அறியாதவர்க்குத் தானஞ் செய்யும் பொருட்டுச் செய்துவருபவர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் உள்ள ஸ்திரீகள். அவர்கள் 'குவில்ட்' என்று வழங்கும் பஞ்சுப் போர்வையைப்பற்றிச் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலமென்று கருதி இதனை எழுதலானேன். பல கைகள் கூடி ஒரு பொருளை ஆக்கும் வேலையாதலால், இது ஐக்கிய சங்கத்தார் கவனிக்கத்தக்க விஷயமேயாம்.

டிசம்பர் 25ந் தேதியாகிய கிறிஸ்துமஸ் அத்தேசங்களில் கடுங்குளிர் காலத்தில் வருகிறது. வடபாகங்களில் இரவில் வெளியே வைத்த நீர் கட்டியாக உறைந்துவிடும். நமக்கு மார்கழிப் பனிக்கு ஒரு துப்பட்டி போதும். அங்கேயோ வீடில்லாதவரும், கணப்பு மூட்டப் பணமில்லாத குடும்பத்தாரும் தக்க போர்வையின்றி ஓர் இரவைக் கழிப்பது உயிருக்கே அபாயமாக முடியக்கூடும். ஆகவே அங்கு போர்வைத் தானம் பண்டிகை அலங்காரத்தைச் சேர்ந்ததன்று.

இவ்வழக்கம் யுத்த காலங்களில் மிகவும் ஓங்கியது. 1939 முதல் 1945 வரை நடந்த உலக யுத்தத்தில், ஆகாய விமானக் குண்டுகளால் வீடிழந்த ஆங்கிலக் குடும்பங்களுக்குக் கனடா ஸ்திரீகள் ஏராளமான போர்வைகளைத் தைத்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாகக் கப்பலேற்றினார்கள். 1920ல் ஏற்பட்ட மென்னோனைட் மத்தியக் கமிட்டியும் அகதிகளுக்குப் போர்வை அனுப்பிவருகிறது.

கிறிஸ்துமஸையே பிறப்பிடமாகக் கொண்ட முயற்சியும் ஒன்றுண்டு. 1995ம் வருஷம் டிசம்பர் 24ந் தேதி 'பரேட்' என்னும் அமெரிக்கப் பத்திரிகையில், இரத்தப் புற்றுநோயால் வருந்திய ஒரு சிறு பெண், கடுமையான சிகிச்சைக் காலம் முழுவதும் தன் சிறு போர்வையைப் பிடித்துக்கொண்டே ஆறுதல் பெற்றாள் என்ற செய்தி வெளிவந்தது. அதைப் படித்த காரென் லௌக்ஸ் என்ற கொலராடோ மாகாணத்து அம்மையார், டென்வர் நகரில் புற்றுநோய்க் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்யும் ஓரிடத்திற்குக் கையால் செய்த போர்வைகளைத் திரட்டிக் கொடுக்கத் தொடங்கினார். இதுவே 'பிராஜெக்ட் லைனஸ்' எனப்படுவது. எப்பொழுதும் போர்வையைக் கையில் இழுத்துக்கொண்டே திரியும் ஒரு சித்திரக்கதைச் சிறுவனின் பெயர் அது.

இனி, செய்முறை. குவில்ட் என்பது மூன்று அடுக்குகளாலானது: பல துண்டுகளை இணைத்த மேல்துணி, இடையே பரப்பிய பஞ்சு, ஒரே துணியாலான அடித்துணி. பெரியவர் ஒருவர் போர்த்திக்கொள்ள 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் வேண்டும். தைத்தபின் துண்டு ஒவ்வொன்றும் 10 அங்குலச் சதுரமாக நிற்கவேண்டுமானால், அகலத்திற்கு 6, நீளத்திற்கு 8, ஆக 48 துண்டுகள் தேவை. ஆனால் அவற்றை 10 அங்குலமாக வெட்டுவது பிசகு. ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடுவதால், 10½ அங்குலமாக வெட்டவேண்டும்.

இந்தக் கால் அங்குலத்தில்தான் கூட்டுவேலையின் கஷ்டமெல்லாம் இருக்கிறது. ஒருத்தி கால் அங்குலம் விட்டுத் தைக்க, அடுத்தவள் சற்றே தாராளமாக அரைக்கால் அங்குலம் கூட்டித் தைத்தாளென்றால், எட்டுத் துண்டுகள் சேர்ந்த வரிசையில் ஏறக்குறைய 2 அங்குலம் குறைந்துபோம். இருவர் வரிசைகளும் ஒன்றோடொன்று பொருந்தமாட்டா. பின்பு பழி யார்மேல் என்ற விவாதமே மிஞ்சும். தையல் யந்திரத்தில் ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு காகிதப் பட்டையை ஒட்டிவிட்டு, எல்லாரும் அந்த அளவிற்கே தைத்தால் இச்சண்டை எழாது.

துணிகளை வெட்டுமுன் துவைத்துக் காயவைத்தல் அவசியம். பருத்தி சுருங்கும்; சாயம் போகும். என் தாயார் ஒருமுறை புதிய சிவப்புத் துணியொன்றை நனைத்துப் பாராமல் விரிப்பில் சேர்த்துவிட, முதல் சலவையிலேயே விரிப்பு முழுவதும் ரோஜா வர்ணமாயிற்று. எங்களுக்கு அது வேடிக்கையாயிருந்தது. அவருக்கு ஒரு மாதத்துப் பிரயாசை வீணானது. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் சாயத்தின் குணம் உடனே தெரிந்துவிடும்.

அடித்துணியை மேல்துணியைவிட நாற்புறமும் இரண்டு மூன்று அங்குலம் அதிகமாக வைத்து, தரையில் சுருக்கமின்றி விரித்து, அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் பரப்பவேண்டும். பின்பு நுண்தையலால் முழுவதையும் நிரப்புவது ஒரு முறை. அதற்கு ஒருவருக்கு மாதக்கணக்கில் ஆகும். மற்றொன்று முடிச்சு முறை. தடித்த நூலை மூன்று அடுக்கும் ஊடுருவக் கீழிறக்கி மேலேற்றி, முதலில் இடது நுனியை வலதின்மேலும், பின்பு வலது நுனியை இடதின்மேலும் போட்டு இறுக்குவார்கள். நான்கைந்து அங்குலத்திற்கு ஒரு முடிச்சு இருந்தால் பஞ்சு ஒதுங்காது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் முடிச்சு வேலை தீர்ந்துபோம். நுண்தையல் கண்ணுக்கு இனியதே; எனினும் தானத்திற்கு முடிச்சு முறையே ஏற்றது என்பது என் அபிப்பிராயம். குளிரில் இருப்பவர் நம் கைத்திறனுக்காகக் காத்திருக்க முடியாது. கடைசியில் மிஞ்சிய அடித்துணியை மேலே மடித்து ஓரம் தைத்துவிடலாம்.

நிற்க. கடையில் விற்கும் கம்பளியைவிடப் பஞ்சும் துணியும் விலை அதிகமாகின்றனவே, பணமாகவே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவருண்டு. கேள்வி நியாயமானதே. துணி முழுவதையும் புதிதாக வாங்கித் தைப்பதானால், கம்பளியை வாங்கிக் கொடுப்பதே மேல். வீட்டில் மிகுந்த நல்ல துண்டுகளும், மாலை நேரத்து ஓய்வும் இருக்குமிடத்தில்தான் இத்தொழில் லாபம். நல்ல துண்டுகள் என்றேன். இற்றுப்போன துணியைக் கழித்துக்கட்டத் தானம் ஒரு வழியன்று.

இத்தையலுக்குச் சந்தையில் மதிப்பில்லை என்று நினைக்கவும் வேண்டாம். 1966ல் அலபாமா மாகாணத்தின் வில்காக்ஸ் ஜில்லாவில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்து ஸ்திரீகள் போர்வை தைப்பதற்கென்றே ஓர் ஐக்கிய சங்கம் கண்டார்கள். அச்சமயம் அப்பிரதேசத்தில் வாக்குரிமைக்குப் பதிவு செய்துகொண்ட குற்றத்திற்காகவே குடியிருப்பை இழந்தவர்கள் பலர். அவர்கள் தைத்த போர்வைகள் நியூயார்க் நகரில் ஏலத்தில் விலைபோயின. அச்சங்கம் 2012 வரையில் நிலைத்திருந்தது.

கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை சில உள. பெறும் விடுதியையோ ஆஸ்பத்திரியையோ அளவும் தொகையும் கேட்டறிந்தபின் வேலை தொடங்குவதே முறை. கேளாமல் கொண்டுபோய்க் குவித்தால் அவர்களுக்கு வைக்க இடமிராது. குண்டூசி ஒன்றுகூடப் போர்வைக்குள் தங்கலாகாது. எடுத்த ஊசிகளை எண்ணிவைத்து, முடிவில் மறுபடி எண்ணிப் பார்ப்பதுடன், காந்தத்தையும் மேலே ஓட்டிப் பார்த்தல் நன்று. புகையிலை நாற்றமும் பிராணிகளின் மயிரும் நோயாளிகளுக்கு ஆகா. ஓராண்டு நிறையாத சிசு உறங்குமிடத்தில் இத்தகைய பஞ்சுப் போர்வையை வைக்கவே கூடாதென்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். முகத்தை மூடி மூச்சடைக்கக்கூடும். ஆதலால் குழந்தைப் போர்வை கொடுப்பவர் இதைத் தாயாருக்குச் சொல்லியே கொடுக்கவேண்டும்.

குளிர் கிறிஸ்துமஸுக்காகக் காத்திருப்பதில்லை. நவம்பர் முடிவதற்குள் போர்வைகள் போய்ச் சேருதல் உத்தமம். அதற்கு ஆடி ஆவணியிலேயே துணி வெட்டத் தொடங்கவேண்டும். துணி யாரிடமிருந்து எவ்வளவு வந்தது, எத்தனை போர்வை முடிந்தது, எங்கே சென்றது என்பதை ஒரு நோட்டில் பதிவது நம் சங்கங்களுக்குப் பழகிய காரியமே. சிலர் துவைக்கும் முறையை எழுதிய சிறு துண்டுத்துணி ஒன்றைப் போர்வையின் மூலையில் தைத்துவிடுகிறார்கள். தம் பெயரை அதில் எழுதுவதில்லை.