ஊர்ப் பேச்சும் கோர்ட்டுத் தீர்ப்பும்



ஒரு நடிகர் மேல் புகார் என்று டி.வி.யில் செய்தி வந்தால், அன்றைக்கே நாம் இரண்டு கட்சியாகி விடுகிறோம். "அவரா? செஞ்சிருக்கவே மாட்டார்" என்பது ஒன்று. "நெருப்பில்லாம புகையுமா?" என்பது இன்னொன்று. சாட்சியைப் பார்த்தவர் இரண்டு பக்கமும் இல்லை.

எம்.கே.தியாகராஜ பாகவதர் கதை நமக்கு நல்ல பாடம். சினிமாக்காரர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்த லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னையில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பியது. மறுபடி விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது. ரசிகர்கள் அழுததால் அல்ல, சாட்சிகளை நம்ப முடியாததால்தான். ஆனாலும் பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவே இல்லை. 1959-இல் காலமானார்.

அதற்காக, புகார் கொடுக்கும் பெண்ணைப் பொய்க்காரி என்று சொல்லலாமா? கூடாது. அதுவும் விசாரிக்காத தீர்ப்புதானே! பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதே சட்டப்படி குற்றம். வழக்கு நடத்தப் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பெரம்பலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

நம் செட்டிகுளம் குழுக்களிலும் இதே முறைதான் வேண்டும். "பணம் குறையுதாம்" என்று பேச்சு கிளம்பினால்:

- தீர்மான நோட்டு, பாஸ் புத்தகம், ரசீது மூன்றையும் கூட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.
- சம்பந்தப்பட்டவரைப் பேச விடுவோம்.
- அதுவரை குழாயடியில் தீர்ப்பு வேண்டாம்.

கணக்கு பேசட்டும், சகோதரிகளே!