சாட்சியங்களைப் பதிவு செய்ய மலிவான மைக் வயர்: எதைப் பார்த்து வாங்குவது?

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20 இல். பிள்ளைகளைத் தேடியபடியே பல பெற்றோர் இறந்துவிட்டார்கள். எஞ்சியோரின் குரல்களை வீடுகளிலும் போராட்டக் கொட்டகைகளிலும் பதிவு செய்யும் சுயாதீன ஊடகவியலாளராகச் சொல்கிறேன்: நல்ல மைக்கையும் மோசமான வயர் கெடுத்துவிடும்.

விலை கூடிய வயர் குரலை அழகாக்காது. இரைச்சல் புகாமலும் ஒலி இடையில் அறுபடாமலும் இருந்தால் போதும். அதற்கு மூன்று விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, இரு முனைகளிலும் மூன்று ஊசி கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பு. இதில் இரண்டு கம்பிகள் ஒரே ஒலியை எதிரெதிராகக் கொண்டுசெல்லும். வழியில் இரண்டிலும் ஒரேயளவில் புகும் இரைச்சல் மறுமுனையில் கழிபட்டுவிடும். ஒரு முனையில் கிற்றார் பிளக் உள்ள வயரில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது, உள்ளே செப்புக் கம்பிப் பின்னல் உறை. மெல்லிய உலோகத்தாள் உறை வீட்டில் அசையாமல் கிடக்கும் வயருக்குப் போதும். அடிக்கடி சுருட்டி விரித்தால் கிழியும்.

மூன்றாவது, கழற்றக்கூடிய முனை. இணைப்பு விட்டால் ஈயம் வைத்து ஒட்டலாம். வார்த்து மூடியதென்றால் முனையை வெட்டி எறியவேண்டும்.

வீட்டுக்கு 3 மீற்றர், கூட்டங்களுக்கு 10 மீற்றர் போதும். மின்வயரோடு சேர்த்து நீட்டாதீர்கள். முழங்கையில் இறுக்கிச் சுற்றாதீர்கள்.

பதிவுக்கு முன் ஹெட்போன் போட்டு, இரு முனைகளையும் ஆட்டிப் பாருங்கள். கரகரத்தால் உடனே மாற்றுங்கள். மகனைக் கையளித்த நாளை ஒரு தாயிடம் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கும் நிலை வரக்கூடாது.