புதிய ரேசரா, பழைய ரேசரா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

ஒரு பேனா வாங்கச் சென்றால் கடையிலேயே நான்கு வரி எழுதிப் பார்க்கிறோம். மிதிவண்டி வாங்குவதென்றால் விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்கிறோம். ஆனால் வாரத்தில் மூன்று நாள் நம் கழுத்தின் மீதே வைத்து இழுக்கின்ற கருவியை மட்டும், கடையில் எது கண்ணில் பட்டதோ அதை வாங்கி வந்துவிடுகிறோம். இது வியப்புக்குரியது.

என் தந்தையார் முடி திருத்தும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே விடுதியில் யாருக்கு முகத்தில் கீறல் விழுந்தாலும், கழுத்தில் சிவந்து தடித்தாலும், என் அறைக் கதவைத் தட்டுவது வழக்கமாகிவிட்டது. அண்மைக் காலமாக நண்பர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “எண்ணைத் திருகி அளவு மாற்றும் ரேசர் வாங்கலாமா? வாங்கினால் புதியதா, பழையதா?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே முறைப்படுத்தி எழுதுகிறேன்.

ரேசர் வந்த வரலாறு

முற்காலத்தில் முகச்சவரம் என்றால் நீண்ட சவரக்கத்திதான். அதைத் தீட்டவும் பிடிக்கவும் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர், தேய்ந்ததும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடையும் அதைப் பிடித்துக்கொள்ளும் ரேசரையும் சிந்தித்தார். மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினப்படுத்திக் கூர்மையாக்கும் வழியைக் கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியாளர். 1904இல் ஜில்லெட்டுக்குக் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அரசே ரேசர் வழங்கியதால், வீட்டிலேயே சவரம் செய்துகொள்ளும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

இந்த ரேசர்களில் பிளேடுக்கும் அதன் கீழுள்ள தடுப்புக்கும் இடைப்பட்ட தொலைவு மாறாதது. எல்லா முகத்துக்கும் ஒரே அளவு. இக்குறையைப் போக்க வந்ததே அளவு மாற்றும் ரேசர். 1958இல் ஜில்லெட் நிறுவனம் ‘195’ என்னும் ரேசரை வெளியிட்டது. அதன் விலை 1 டாலர் 95 சென்ட். பெயரும் அதனால் வந்ததே. கைப்பிடி தடித்திருந்ததால் பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் அதை ‘ஃபேட்பாய்’ என்று அழைத்தார்கள். 1961இல் மெலிந்த கைப்பிடியுடன் ‘ஸ்லிம்’ வந்தது. 1968இல் ‘சூப்பர் அட்ஜஸ்டபிள்’ வந்தது. மூன்றிலும் 1 முதல் 9 வரை எண்கள் உண்டு. இன்று ‘பழைய ரேசர்’ என்று தேடப்படுபவை பெரும்பாலும் இவையே.

எண் எதை மாற்றுகிறது?

ரேசரின் தலைப்பகுதியில் மூன்றைக் கவனிக்க வேண்டும். மேலே மூடி, நடுவில் பிளேடு, கீழே தோலைத் தாங்கும் தடுப்பு. பிளேடின் கூர்முனைக்கும் தடுப்புக்கும் உள்ள தொலைவே இடைவெளி. எண்ணைக் கூட்டினால் இடைவெளி கூடும், குறைத்தால் குறையும்.

இடைவெளி கூடும்போது என்ன நிகழ்கிறது? நம் தோல் இறுக்கமான பலகை அன்று. ரேசரை அழுத்தினால் தோல் அந்த இடைவெளிக்குள் மெல்லப் புடைக்கிறது. இடைவெளி பெரிதானால் புடைப்பும் பெரிதாகும்; பிளேடு தோலை அதிகமாகச் சந்திக்கும். அதனால் நான்கு நாள் வளர்ந்த தாடியும் ஒரே இழுப்பில் போகும். கை சற்றுத் தவறினால் காயமும் வரும். இடைவெளி சிறிதானால் பாதுகாப்பு அதிகம். ஆனால் அதே இடத்தில் இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டியிருக்கும். எண் உயர உயரச் சவரம் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. முடி தடித்திருந்து தோல் பொறுக்குமானால் உயர்ந்த எண். முடி மெல்லியதாகவோ தோல் விரைவில் சிவப்பதாகவோ இருந்தால் தாழ்ந்த எண்.

எங்கள் கடைக்கு வரும் முதியவர் ஒருவர், சிங்கப்பூரில் வேலை பார்த்த தம் அண்ணன் கொடுத்த ‘ஸ்லிம்’ ரேசரைத் துடைத்துத் தரச் சொல்லி என் தந்தையாரிடம் கொடுத்தார். தலைப்பகுதியின் அடியில் ‘ஜே 3’ என்று பொறித்திருந்தது. ஜில்லெட் ரேசர்களில் இவ்வெழுத்து ஆண்டையும், எண் அவ்வாண்டின் காலாண்டையும் குறிக்கும். ‘ஜே 3’ என்றால் 1964ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டு. என் தந்தையார் எண் வளையத்தை ஒன்றிலிருந்து ஒன்பது வரை திருகிப் பார்த்தார். பிறகு, “இது என் மணிக்கட்டு செய்யுற வேலைப்பா. ஆனா பாதி வேலைதான்” என்றார்.

அவர் சொன்னதை நான் பிறகு எண்ணிப் பார்த்தேன். தாடையில் கத்தியைச் சற்று நிமிர்த்துவார். கழுத்தில் படுக்க வைப்பார். இடக்கை விரலால் தோலை இழுத்துப் பிடிப்பார். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் அவர் கை மாறிக்கொண்டே இருக்கும். ரேசரின் எண் இடைவெளியை மட்டுமே மாற்றித் தருகிறது. சாய்க்கும் கோணமும் அழுத்தமும் நம் கையில்தான் இருக்கின்றன. பிளேடு தோலோடு ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்க வேண்டும். ரேசரின் எடையே அதை இழுத்துச் செல்ல வேண்டும். இந்தப் பாதியைக் கற்காதவருக்கு ஒன்பது எண்கள் இருந்தும் பயனில்லை. இதை மனத்தில் கொண்டு, எது வாங்குவது என்பதைக் காண்போம்.

பழைய ரேசர்

பழைய ஜில்லெட் ரேசர்களின் உடல் பெரும்பாலும் பித்தளை. அதன் மேல் நிக்கல் முலாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம், துருப்பிடிக்காது. நன்றாகப் பேணிய ரேசர் 60 ஆண்டுக்குப் பின்னும் வேலை செய்வதற்கு இதுவே காரணம். கைப்பிடியின் அடியிலுள்ள குமிழைத் திருகினால் மேல்மூடி இரு கதவுகளாகத் திறக்கும்; பிளேடு மாற்றுவது எளிது. இன்று கிடைக்கும் இருபக்க பிளேடு அதில் அப்படியே பொருந்தும்.

ஆனால் உள்ளே பல நுண்ணிய பாகங்கள் உள்ளன. ஒன்று பழுதானால் அதற்கென்று பாகம் கடையில் கிடைக்காது. ஆகவே கையில் வாங்கிப் பாராமல் பழைய ரேசருக்குப் பணம் கொடுக்கலாகாது. பார்க்க வேண்டியவை இவை:

1. எண் வளையம் முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை தடங்கலின்றித் திரும்ப வேண்டும்.
2. மேல்கதவுகள் இரண்டும் ஒரே சமயத்தில் திறந்து, ஒரே மட்டத்தில் மூட வேண்டும்.
3. பிளேடு போட்டபின் இருபுறமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருந்தால் ரேசர் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது என்று பொருள். அதைத் தொட வேண்டாம்.
4. தடுப்பின் ஓரம் வளைந்திருக்கக் கூடாது.
5. முலாம் சிறிது தேய்ந்திருந்தால் அழகுதான் குறையும், வேலை குறையாது. முலாம் தேய்ந்ததற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

சுத்தம் செய்வதில் நம் வேதியியல் உதவும். பழைய ரேசரில் படிந்துள்ள வெள்ளைப் படிவு, சோப்பும் கடின நீரிலுள்ள கால்சியமும் சேர்ந்து உண்டான கரையாப் பொருள். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் ஊறவிட்டு, மென்மையான பல்துலக்கியால் தேய்த்தால் போதும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நெடுநேரம் ஊறவிட்டால் அமிலம் நிக்கல் முலாமை அரிக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலும் கூடாது. முடிவில் 70 விழுக்காடு ஆல்கஹாலில் சிறிது நேரம் மூழ்க வைத்து உலர்த்த வேண்டும்.

புதிய ரேசர்

புதியவற்றுள் நெடுங்காலப் பெயர் பெற்றது, ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து ‘மெர்க்கூர் புரோகிரஸ்’. இதில் கைப்பிடியின் அடியிலுள்ள குமிழே எண்ணை மாற்றுகிறது. 1 முதல் 5 வரை எண்கள். மூடி தனியே கழன்று வரும். திரும்பப் பொருத்தும்போது மூடியிலும் தலையிலும் உள்ள அடையாளக் கோடுகள் நேராக அமைய வேண்டும். இல்லையேல் எண் பிழையாகக் காட்டும். நம் நாட்டிலேயே செய்யப்படும் ‘பார்க்கர் வேரியண்ட்’ ரேசரிலும் 1 முதல் 5 வரை உண்டு.

கனடா நாட்டு ‘ராக்வெல்’ வேறு வழியைக் கையாள்கிறது. அதில் திருகும் வளையம் இல்லை. மூன்று அடித்தகடுகள் தருகிறார்கள்; ஒவ்வொன்றின் இரு பக்கமும் ஒவ்வோர் அளவு; ஆக ஆறு அளவுகள். மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர், மிகப் பெரியது ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய வேறுபாட்டைத்தான் நம் கன்னம் உணர்கிறது என்பது எனக்கு வியப்பளித்தது. இதில் நகரும் பாகம் இல்லாததால் கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. சவரத்தின் நடுவில் அளவை மாற்ற இயலாது என்பதே குறை.

புதிய ரேசர் வாங்கும்போது உலோகத்தைக் கேட்டறிய வேண்டும். பல ரேசர்களின் தலைப்பகுதி துத்தநாகக் கலவையை வார்த்துக் குரோமிய முலாம் பூசியது. முலாம் நன்றாக உள்ளவரை கவலையில்லை. கீறல் விழுந்து நீர் உட்புகுந்தால் துத்தநாகம் அரிபடும். முழுவதும் கறைபடா எஃகால் ஆனவை நீடித்து உழைக்கும். விலையும் அதற்கேற்பக் கூடுதல். கடைக்காரரின் உத்தரவாதமும் மாற்றித் தரும் வசதியும் புதியவற்றுக்கு உள்ள பெரும் நன்மை.

எண்ணை எப்படித் தேர்வது?

ஆய்வகத்தில் ஒரு சமயத்தில் ஒரு காரணியை மட்டுமே மாற்றுவோம் அல்லவா? அதே விதி இங்கும் பொருந்தும். சோப்பு, பிளேடு, எண் மூன்றையும் ஒருசேர மாற்றினால் எதனால் நன்மை, எதனால் தீமை என்று விளங்காது. ஒரே சோப்பு, ஒரே வகை பிளேடு வைத்துக்கொண்டு மிகத் தாழ்ந்த எண்ணில் தொடங்குங்கள். மூன்று சவரத்துக்குப் பின் போதவில்லை என்று தோன்றினால் ஓர் எண் உயர்த்துங்கள். தோல் எரியத் தொடங்கும் எண்ணுக்கு ஒன்று குறைவானதே உங்கள் எண். கன்னத்துக்கு ஓர் எண்ணும் கழுத்துக்கு அதனினும் குறைந்த எண்ணும் வைத்துக்கொள்ளலாம். பழைய ஜில்லெட்டில் எண்ணை மாற்றுமுன் அடிக்குமிழைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

பிளேடைப் பற்றியும் ஒரு சொல். 2020இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முடி, பிளேடு எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது; ஆயினும் அதுவே பிளேடின் முனையைச் சில்லு சில்லாகப் பெயர்க்கிறது என்று நுண்நோக்கியில் கண்டார்கள். ஆகவே பிளேடு மழுங்குவது நம் குற்றமன்று. மழுங்கிய பிளேடோடு போராடுவதுதான் குற்றம். வெந்நீரில் முகத்தை இரண்டு நிமிடம் நன்கு நனைத்தால் முடி நீரை ஏற்று மென்மையாகும். வாரம் மூன்று சவரம், ஒரு பிளேடுக்கு நான்கு சவரம் என்று கொண்டால் ஆண்டுக்கு 156 சவரம், 39 பிளேடு. மாணவர் ஒருவர் தாங்கக்கூடிய செலவுதான் இது.

இரவல் வேண்டாம்

விடுதியில் நான் காணும் கொடிய பழக்கம் ஒன்று உண்டு. ஓர் அறையில் நால்வர் இருந்தால் ரேசர் ஒன்று, பிளேடும் ஒன்று. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி கிருமிகள் இரத்தத்தால் பரவுபவை. கண்ணுக்குத் தெரியாத கீறலும் போதும். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிர்த்திருக்கக் கூடியது. என் தந்தையார் தம் கடையில் பிளேடை உறையோடு பாதியாக ஒடித்து, ஒவ்வொருவருக்கும் புதிய பாதியைப் போடுகிறார். வாடிக்கையாளர் கண்முன்னே போடுகிறார். அதிகம் படிக்காத தொழிலாளி கடைப்பிடிக்கும் விதியைப் பட்டப்படிப்புப் படிக்கும் நாம் மீறலாமா? எந்த ரேசர் வாங்கினாலும் அது உங்களுக்கு மட்டுமே உரியதாக இருக்கட்டும். தேய்ந்த பிளேடுகளை ஒரு தகர டப்பாவில் சேர்த்து மூடி வையுங்கள்; குப்பை அள்ளும் கைகளுக்கும் தோல் உண்டு.

முடிவாக

முதன்முதலாகப் பாதுகாப்பு ரேசர் பிடிப்பவர், விலை குறைந்த, அளவு மாறாத ரேசரில் கோணமும் அழுத்தமும் பழகுவது நலம். பழகியபின், கன்னத்துக்கும் கழுத்துக்கும் வேறு வேறு அளவு தேவை என்று உணர்பவர் அளவு மாற்றும் ரேசர் வாங்கலாம்; அப்போது புதியதே பொருத்தம். வீட்டில் தாத்தாவோ மாமாவோ வைத்த பழைய ரேசர் இருந்தால், மேலே சொன்ன ஐந்தையும் பார்த்துத் தேறினால், அதைவிடச் சிறந்தது வேறில்லை, காசும் மிச்சம். நேரில் காணாத பழைய ரேசருக்கு உதவித்தொகைப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

சவரம் முடிந்ததும் படிகாரக் கல்லை நனைத்து முகத்தில் தடவிக்கொள்ளுங்கள். பொட்டாசியம் அலுமினியம் சல்பேட் என்று நாம் ஆய்வகத்தில் படிகமாக்குகிறோமே, அதுதான் இது. எங்கே சுருக்கென்று எரிகிறதோ அங்கே உங்கள் கை அழுத்தியிருக்கிறது. அடுத்த முறை எண்ணைக் குறைக்குமுன் அந்த அழுத்தத்தைக் குறையுங்கள்.