கடனும் கரையேறும் வழியும்

தமிழில் 'கடன்' என்னும் சொல் இருபொருள் உடையது. ஒருவர் செய்தே தீரவேண்டிய செயலும் கடன். திருப்பித் தந்தே தீரவேண்டிய பொருளும் கடன். காலைக் கடன், நன்றிக் கடன், நீத்தார் கடன் என்று வழங்கும்போது முதற்பொருளும், வட்டிக் கடன், கைமாற்றுக் கடன் என்னும்போது இரண்டாம் பொருளும் விளங்குகின்றன. இதனோடு உறவுடைய 'கடமை' என்னும் சொல், சோழர் காலக் கல்வெட்டுகளில் அரசுக்குச் செலுத்தும் வரியைக் குறித்து நிற்கிறது. வாங்கிய பொருளைத் திருப்பித் தருவதையும் அறத்தின் பகுதியாகவே நம் முன்னோர் கருதினர் என்பதை இச்சொல்லே காட்டுகிறது.

இக்கருத்து உயர்ந்ததே. ஆயினும், இதனால் விளையும் தீமை ஒன்றும் உண்டு. கடனைத் தீர்க்க இயலாதவர், தாம் அறம் தவறியவர் என்று எண்ணி நாணுகிறார். அந்நாணத்தால் மனைவியிடமும் சொல்வதில்லை. வங்கியிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிப்பதுமில்லை. முதற்கடனை மறைக்க இரண்டாம் கடனும், இரண்டாவதை அடைக்க மூன்றாவதும் வாங்குகிறார். கடனை மீளாச் சுமையாக்குவது பெரும்பாலும் அதை மறைத்து வைக்கும் காலமே. சட்டம் கடன்பட்டவர்க்குச் சில வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது; நாள் செல்லச் செல்ல அவை ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன. அவ்வாயில்கள் எவை என்பதை, மலேசிய நாட்டு நடைமுறையைக் கொண்டு இங்கே விளக்குவோம்.

திவால் என்பது குற்றமா?

'திவால்' என்பது வடநாட்டு மொழிவழி நமக்கு வந்த சொல். 'நொடித்துப் போதல்' என்பது தமிழ் வழக்கு. தமிழகத்தில் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்று இன்றும் இகழ்ச்சியாகச் சொல்வர். இந்நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோ, 'உடைந்த பலகை' எனப் பொருள்படும் இத்தாலியத் தொடரிலிருந்து பிறந்தது.

ஆங்கிலச் சட்டமும் தொடக்கத்தில் கடுமையாகவே இருந்தது. 1542-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட முதற்சட்டம், திவாலானவரைக் குற்றவாளியாகவே நோக்கிற்று. 1705-ஆம் ஆண்டுச் சட்டம், தம் உடைமைகளை ஒளிக்காமல் ஒப்படைத்த வணிகர்க்கு எஞ்சிய கடனிலிருந்து விடுதலை தரும் முறையைக் கொணர்ந்தது. வணிகர் அல்லாதவர்க்கு 1861-இல்தான் இவ்வழி திறந்தது. அதுவரை எளியவர் பலர் சிறையில் வாடினர். நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸின் தந்தையார் 1824-இல் கடனுக்காகச் சிறை புகுந்தவரே. 1869-ஆம் ஆண்டுச் சட்டமே கடனுக்காகச் சிறையிடும் வழக்கத்தைப் பெரும்பாலும் ஒழித்தது.

இவ்வரலாறு கற்பிப்பது யாது? நேர்மையாக நொடித்தவர் வேறு, ஏமாற்றியவர் வேறு என்று சட்டம் பிரித்தறியக் கற்றுக்கொண்டது. மலேசியாவின் 1967-ஆம் ஆண்டுத் திவால் சட்டமும் அவ்வழி வந்ததே. கடனைத் தீர்க்க இயலாமை அச்சட்டத்தில் குற்றமன்று; உடைமையை ஒளிப்பதும் பொய்க் கணக்குக் காட்டுவதுமே குற்றம்.

கடன் வளரும் கணக்கு

வாயில்களைப் பார்க்குமுன் கடன் எவ்வாறு வளர்கிறது என்பதை அறிதல் நன்று. கடன் அட்டையில் 10,000 வெள்ளி நிலுவை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு. மாதந்தோறும் அவர் செலுத்துவது நிலுவையில் 5 விழுக்காடு மட்டும். ஓராண்டு முடிவில் அவர் ஏறத்தாழ 5,000 வெள்ளி செலுத்தியிருப்பார். ஆயினும் கடன் 6,500 வெள்ளி அளவில் நிற்கும். செலுத்தியதில் ஏறத்தாழ 1,500 வெள்ளி வட்டிக்கே போயிற்று. இதுவும் அவர் அட்டையைக் கொண்டு புதிதாக ஒன்றும் வாங்காதிருந்தால்தான்.

ஆலோங் எனப்படும் உரிமமற்ற வட்டிக்காரரின் கணக்கு இதனினும் கொடிது. மாதத்திற்கு 20 விழுக்காட்டு வட்டியில் 5,000 வெள்ளி வாங்கியவர், மாதந்தோறும் 1,000 வெள்ளி வட்டியாகவே கட்டுவார். ஐந்து திங்களில் வாங்கிய தொகை முழுவதும் கைவிட்டுப் போயிருக்கும். முதலோ குறையாது நிற்கும். 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழிற் சட்டப்படி, உரிமம் பெற்றவர் ஈடுள்ள கடனுக்கு ஆண்டொன்றுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும், ஈடற்ற கடனுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி பெறலாகாது. உரிமமற்றவர் எழுதி வாங்கிய கடன் பத்திரத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது. ஆகவே, அத்தகையோர் மிரட்டும்போது மற்றொரு கடன் வாங்கி அவர் வாயை அடைப்பதினும், காவல் நிலையத்தில் புகார் செய்வதே முறை.

முதல் வாயில்: ஆலோசனை

பேங்க் நெகாரா 2006-ஆம் ஆண்டில் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை அமைத்தது. தனி ஆட்கள் எவரும் கட்டணமின்றி அங்கே ஆலோசனை பெறலாம். வருமானம், குடும்பச் செலவு, கடன்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு, வங்கிகளோடு பேசி, தவணைகளைத் தாங்கக்கூடிய அளவில் மாற்றியமைக்கும் திட்டம் ஒன்றை அந்நிறுவனம் நடத்துகிறது.

இவ்வாயிலுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. திட்டத்தில் சேர்பவர் ஏற்கெனவே திவாலானவராக இருத்தல் கூடாது. குடும்பச் செலவு போகத் தவணை கட்டுவதற்கு வருமானத்தில் சிறிதேனும் மிஞ்ச வேண்டும். வேலை போனபின், சேமிப்பும் கரைந்தபின் செல்பவர்க்கு இரண்டாம் நிபந்தனையே தடையாகிவிடும். ஆகவே, தவணை தவறிய பிறகு செல்வதினும், தவறப்போகிறது என்று தெரிந்தவுடன் செல்வதே அறிவுடைமை.

செல்லுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கடன்கள் அனைத்தையும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, ஈடு உண்டா, பிணையாளர் உண்டா என்னும் ஐந்தும் அதில் இருக்கவேண்டும். நண்பரிடம் வாங்கிய கைமாற்றையும் விடலாகாது. பலர்க்குத் தம் கடனின் முழுத் தொகை எழுதிக் கூட்டிய அன்றுதான் தெரியவருகிறது.

இரண்டாம் வாயில்: உடன்பாடு

2017-ஆம் ஆண்டுத் திருத்தம் மற்றொரு வழியைச் சேர்த்தது. திவாலாக அறிவிக்கப்படாத ஒருவர், கணக்காய்வாளர் அல்லது வழக்கறிஞர் போன்ற தகுதியுடைய ஒருவரை நடுவராக அமர்த்தி, கடனைத் தீர்க்கும் திட்டம் ஒன்றை வகுத்து, நீதிமன்றத்தில் இடைக்கால ஆணை பெறலாம். அவ்வாணை 90 நாள் நடப்பிலிருக்கும். அந்நாள்களில் அவர்மீது திவால் மனு தொடுக்க இயலாது. அதற்குள் கடன் கொடுத்தவர்களின் கூட்டம் கூடும். கடன் மதிப்பில் நான்கில் மூன்று பங்கினர் இசைந்தால் திட்டம் நடைபெறும். நடுவர்க்கு ஊதியம் தரவேண்டியிருப்பதால், சிறு கடன் உடையோர்க்கு இது பொருந்துவது அரிது. தொழில் நடத்திக் கடன்பட்டோர்க்கு உதவும்.

இறுதி வாயில்: திவால்

கடன் கொடுத்தவர் ஒருவரைத் திவாலாக்க வேண்டுமாயின், கடன் ஒரு குறிப்பிட்ட தொகையேனும் இருத்தல் வேண்டும். 30,000 வெள்ளியாக இருந்த அத்தொகை 2017-இல் 50,000 ஆயிற்று. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 100,000 வெள்ளியாக உயர்ந்தது. இருவர் மூவர் சேர்ந்து மனு செய்தால் அவர்களின் கடன்கள் கூட்டிக் கணக்கிடப்படும் என்பதையும் மறத்தலாகாது. தொகை இதற்குக் குறைந்தால் தப்பினோம் என்று இருந்துவிடவும் முடியாது. தீர்ப்புப் பெற்றவர் உடைமையைப் பறிமுதல் செய்யும் உரிமை அப்போதும் உடையவரே.

முதலில் திவால் அறிவிப்பு வரும். அது கைக்கு வந்த ஏழு நாளுக்குள் கடனைச் செலுத்தவோ, கொடுத்தவர் ஒப்பும் ஏற்பாட்டைச் செய்யவோ வேண்டும். அவ்வறிவிப்பைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பவர் அந்த ஏழு நாளையும் இழக்கிறார். கடன்பட்டவர் தாமே மனு செய்து திவாலாகவும் சட்டம் இடம் தருகிறது.

திவாலானவரின் உடைமைகள் திவால் துறைத் தலைமை இயக்குநர் பொறுப்பில் சேர்கின்றன. அனுமதியின்றி அவர் நாட்டை விட்டு வெளியே செல்ல இயலாது. நிறுவன இயக்குநராக இருக்க இயலாது. தம் நிலையை மறைத்துக் கடன் வாங்குவது குற்றமாகும். மாதந்தோறும் ஒரு தொகை செலுத்தவும் வேண்டும். எனினும் அத்தொகை, குடும்பத்தின் நியாயமான செலவைக் கருதியே குறிக்கப்படுகிறது. சேமநிதியில் உள்ள பணம் கடன் கொடுத்தவர் கைக்குப் போவதில்லை. வீட்டை ஈடாகப் பெற்ற வங்கியின் உரிமையோ திவாலால் அழிவதில்லை. தவணை தவறினால் வீடு ஏலம் போகும்.

திவால் வாழ்நாள் முழுதும் நிற்கும் தண்டனையும் அன்று. உடைமை விவரத்தை ஒப்படைத்து, குறித்த தொகையைச் செலுத்தி, வரவு கணக்கையும் ஒழுங்காகக் காட்டி வருபவர், விவரம் ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டில் விடுதலை பெறும் முறை 2017-இல் வகுக்கப்பட்டது. பங்களிக்கும் ஆற்றலற்ற 70 வயது முதியோர்க்கும் மனநலம் குன்றியோர்க்கும் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் விடுதலையை எளிதாக்கிற்று. மூன்று ஆண்டுக் கணக்கு விவரம் ஒப்படைத்த நாளில்தான் தொடங்குகிறது. வெட்கி ஒளிபவர்க்குக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை.

அப்படியாயின் யார் திவாலை எண்ணிப் பார்க்கலாம்? எத்தனை சிக்கனம் செய்தாலும் பத்துப் பதினைந்து ஆண்டிலும் தீராத கடனும், காக்க வேண்டிய உடைமை அதிகம் இல்லாத நிலையும் உடையவர் எண்ணலாம். வீட்டைக் காக்க முயல்பவர், வெளிநாட்டுப் பயணத்தையோ நிறுவனப் பதவியையோ நம்பிப் பிழைப்பவர் முதலிரண்டு வாயில்களையும் தட்டிப் பார்த்த பிறகே இதை நாடவேண்டும்.

பிணைக் கையெழுத்து

நம் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு: 'ஒரு கையெழுத்துத்தானே, போடுங்கள் ஐயா!' பிறர் கல்விக் கடன், சொந்தப் பயனுக்கான வாகனக் கடன், குடியிருக்கும் வீட்டுக் கடன் ஆகியவற்றுக்கு ஆதாயம் கருதாமல் பிணை நின்றவரை 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் திவாலாக்க இயலாது. நண்பரின் தொழிற்கடனுக்கும் தனிநபர் கடனுக்கும் பிணை நிற்பவர்க்கு இக்காப்பு இல்லை. கடன் வாங்கியவரிடம் எல்லா முயற்சியும் செய்து பயனில்லாதபோது, நீதிமன்ற அனுமதியோடு பிணையாளர்மீதும் திவால் நடவடிக்கை பாயும். எக்கடனுக்குக் கையெழுத்து என்று கேட்பதில் நட்பு கெடாது.

அரசுப் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் மேலும் ஒன்றை அறிதல் வேண்டும். 1993-ஆம் ஆண்டு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகள், ஈடற்ற கடன்கள் மாத ஊதியத்தின் பத்து மடங்கை மீறினால் அதனைக் கடுமையான கடன் நிலையாகக் கருதுகின்றன. அந்நிலை நேரக்கூடும் என்று அறிந்தவுடன் துறைத் தலைவர்க்குத் தெரிவிப்பது ஊழியரின் கடமை. தவிர்க்க முடியாத இடரால் நேர்ந்ததாயின் அரசு உதவி செய்யவும் அவ்விதிகளில் இடமுண்டு. இங்கும் முன்கூட்டிச் சொல்பவர்க்கே வழி இருக்கிறது.

சிங்கப்பூரில்

சிங்கப்பூரிலும் முறை இதனை ஒத்ததே. அங்கே இதனை 'நொடிப்பு' என்று அழகிய தமிழில் வழங்குகின்றனர். திவால் மனுவுக்குரிய கடன் அங்கே 15,000 சிங்கப்பூர் வெள்ளி. 2004-இல் தோன்றிய கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்னும் அறநிறுவனம் ஆலோசனை தருகிறது. 2009 முதல் நடைபெறும் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம், கடன் 150,000 வெள்ளிக்கு மேற்படாத, வருமானமுள்ள ஒருவரை நொடிப்பிலிருந்து காக்கிறது. அவர் ஐந்தாண்டுக்கு மேற்படாத காலத்தில் தவணையாகச் செலுத்துகிறார்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இந்நாட்டுத் தமிழர்க்குக் கடன் புதிதன்று. கங்காணியிடம் வாங்கிய முன்பணமே பலரைத் தோட்டத்தோடு பிணைத்தது. அன்று கடன்பட்டவர்க்குக் கணக்கும் தெரியாது. சட்டத்தின் துணையும் எட்டாது. இன்று இரண்டும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. எட்டாதிருப்பது நாணத்தால் மூடிய வாய் ஒன்றே.

தமிழாசிரியரிடம் பெற்றோர் மனம்விட்டுப் பேசுவது இன்றும் நம்மிடை உள்ள நல்வழக்கு. பள்ளிக்கட்டணம் தவறும் வீட்டிலும், பிள்ளை திடீரென்று பள்ளிக்கு வாராத வீட்டிலும் கடன் ஒளிந்திருக்கக்கூடும். அவ்வேளையில் 'ஏன் வாங்கினீர்கள்?' என்று கேட்பதால் பயனில்லை. எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; கடிதங்களைப் பிரித்துப் படித்துக் காட்டுங்கள்; ஆலோசனை நிலையத்திற்கு வழி சொல்லுங்கள். கூடுமாயின் உடன் சென்று வாருங்கள். கடன் என்னும் சொல்லின் முதற்பொருள் அங்கேதான் நிறைவேறுகிறது.