ஏரி எந்த மாதத்து ஏரி?

சென்னைப் புறநகர் ஏரிகளின் வரைபடக் கோப்பு ஒன்று பொதுத்தளத்தில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்தால் நீலத் திட்டுகள். அந்த நீலம் மே மாதச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்ததா, டிசம்பர் மழைக்குப் பின் வரைந்ததா? தண்ணீர் நின்ற பரப்பா, வருவாய்த் துறைப் பதிவேட்டின் எல்லையா? கோடையில் வரைந்த கோட்டையே ஏரியின் எல்லையென்று நம்பினால், கரையோர நிலம் வீடு கட்டத் தோதானதாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே தண்ணீர் வந்து நிற்கும்.

இந்தக் கேள்விகளுக்கான பதிலைத் தரவோடு சேர்த்து எழுதிவைப்பதே மீத்தரவு. கணினிக்காரர்கள் மெட்டாடேட்டா என்பார்கள். யார் உருவாக்கியது, எந்தத் தேதியின் நிலவரம், எதிலிருந்து வரைந்தது, எவ்வளவு துல்லியம், யார் பயன்படுத்தலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு விதமாக எழுதினால் தேடவும் முடியாது, ஒப்பிடவும் முடியாது. அதற்காகத்தான் தரநிலைகள் வந்தன. அமெரிக்கா 1994-ல் ஒன்றை வகுத்தது. 2003-ல் உலகப் பொதுவாக ஐஎஸ்ஓ 19115 வந்தது. 2014-ல் அது திருத்தி எழுதப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ன் இன்ஸ்பயர் ஆணை வழியாக உறுப்பு நாடுகளுக்கு மீத்தரவைக் கட்டாயமாக்கியது.

இந்த விவரங்கள் எல்லாவற்றிலும் அதிகம் பாடுபடுத்துவது, இடத்தை எண்களால் குறிக்கும் ஆயத்தொலைவு முறை. 1802-ல் பரங்கிமலை அருகே ஆங்கிலேய அதிகாரி லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, பின்னர் இந்தியா முழுக்க விரிந்தது. பூமியின் வடிவத்துக்கு நில அளவையாளர் எவரெஸ்ட் 1830-ல் கணித்த அளவுகளின்மேல்தான் நம் பழைய நில அளவை வரைபடங்கள் நிற்கின்றன. கைப்பேசியின் ஜிபிஎஸ் பின்பற்றுவதோ உலகப் பொது முறையான டபிள்யூஜிஎஸ் 84. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இந்த இரண்டு முறைகளிலும் வைத்துப் பார்த்தால், சென்னையில் புள்ளி 100 மீட்டருக்கும் மேல் தள்ளிப்போகும். வரைபடத்தில் ஒரு பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் போய் உட்காரும். எண்களில் பிழையே இல்லை; எந்த முறையில் எடுத்தவை என்ற ஒரு வரிதான் இல்லை. 2005-ன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுப் பயன்பாட்டு வரைபடங்கள் டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாறிவிட்டன. பழைய தாள்களிலிருந்து எடுத்த தரவுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

வரைபடத் தரவைப் பலரும் பகிரும் ஷேப்ஃபைல் கோப்பு வடிவம் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. அது ஒரே கோப்பு அல்ல, பல கோப்புகளின் கட்டு. ஆயத்தொலைவு முறையைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பு விடுபட்டாலும் வரைபடம் திறக்கும். அதனால் விடுபட்டதே தெரியாது. அதன் அட்டவணையில் நெடுவரிசைத் தலைப்புகளுக்கு 10 எழுத்துக்கு மேல் இடமில்லாததால் பெயர்கள் குறுகிப் புதிராகிவிடுகின்றன. விளக்கம் தனியே வேண்டும்.

ஐஎஸ்ஓ தரநிலையில் நிரப்பக்கூடிய புலங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அதைக் கண்டு மலைத்து எதையுமே எழுதாமல் விடுகிறார்கள். இல்லையென்றால் எல்லாக் கோப்புக்கும் ஒரே வாசகத்தை ஒட்டிவிடுகிறார்கள். இரண்டாவது இன்னும் மோசம், பயன்படுத்துபவர் அதை நம்பிவிடுவார். தேதி, மூலம், ஆயத்தொலைவு முறை, உரிமம் ஆகிய நான்கையாவது, வரைந்தவர் இடமாற்றலாகிப் போவதற்குள் அவரே எழுத வேண்டும். “மே மாதப் படம்; தண்ணீர் நின்ற பரப்பு மட்டும்; வருவாய் எல்லை அல்ல” என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.